சிட்டம்மாள் பிள்ளைக்குப் பெயர் வைத்தது

திருமேனி அமைச்சராகப் பதவியேற்கச் சென்னை விடுதியிலிருந்து கிளம்பியபோது, கவர்னர் மாளிகைக்குப் போகும் பாதை வழக்கம்போல அவருடைய சொந்த ஊரான பூலாங்குடி வழியாகவே போனது. நானூறு கிலோமீட்டர். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டது.

காலை ஒன்பதரை. பஸ் நிலையத்தில் மேடை போட்டிருந்தார்கள். ஊரே எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தது.

"பத்து மணிக்கு உங்க பேரைக் கூப்பிடுவாங்கய்யா," என்றார் உதவியாளர் சபேசன். "ஆள் இல்லைன்னா அடுத்த பேருக்குப் போயிருவாங்க."

"ரெண்டு நிமிஷம்யா. இறங்காமப் போனா ஊர்க்காரன் ஏசுவான்."

மேடையில் ஒரே ஒரு நாற்காலி. அதில் சிட்டம்மாள் இருந்தாள். மடியில் பிள்ளை. பிள்ளைக்குக் காதோரம் நரைத்திருந்தது. கால்கள் மேடைக்கு வெளியே தொங்கின.

"பேரு வைக்கணும்," என்றாள்.

"எப்பப் பிறந்தது?"

"நீங்க பேரூராட்சித் தலைவரா இருக்கையில. பேசி முடிச்சிட்டு வைக்கிறேன்னீங்க. பேசி முடிச்சிட்டுக் கார்ல ஏறிட்டீங்க."

"முப்பத்தேழு வருஷமாச்சேம்மா! நீயே ஒண்ணு வச்சிருக்கலாம்ல?"

"தலைவர் வாயால வைக்கிறேன்னு சொன்ன பிள்ளைக்கு நான் எப்படி வைக்க? எந்திரின்னு சொல்லவும் முடியலை. யாரை எந்திரிக்கச் சொல்ல?"

நியாயம்தான் என்று திருமேனிக்குப் பட்டது. பிள்ளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இமைக்கவில்லை.

அவர் மைக்கைப் பிடித்தார். "தமிழ்ச்செல்வன்."

"அய்யா, நான் இருக்கேன்," என்று கூட்டத்தில் ஒருவன் எழுந்தான். "நீங்க ஒன்றியச் செயலாளரா இருந்தப்ப வச்சது."

"அப்ப இளஞ்சேரன்."

"நான்தான்யா. முதல்தடவை எம்.எல்.ஏ. ஆனீங்களே, அப்ப."

"வெற்றிச்செல்வன்."

"அது செத்துப்போச்சுய்யா," என்றது ஒரு பெண் குரல். "பேரு மட்டும் வீட்டுல இருக்கு. அதைத் தரமாட்டேன்."

அவர் சொல்லச் சொல்ல ஆட்கள் எழுந்தார்கள். எழுந்தவர்கள் உட்காரவில்லை. கடைசியில் ஊரே நின்றது.

சபேசன் கடிகாரத்தைக் காட்டினார். ஒன்பது ஐம்பத்தெட்டு. "யாருகிட்டயும் இல்லாததா ஏதாச்சும் சொல்லித் தொலைங்கய்யா."

திருமேனி யோசித்தார். ஒரே ஒரு பெயர்தான் மிச்சமிருந்தது. அதை அவர் இதுவரை எந்தப் பிள்ளைக்கும் வைத்ததில்லை. குனிந்து, முறைப்படி, மூன்று தடவை காதில் சொன்னார்.

"திருமேனி. திருமேனி. திருமேனி."

கூட்டத்தில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பிள்ளை எழுந்தது. வாயைத் துடைத்துக்கொண்டது. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படியிறங்கியது.

"வாங்கய்யா, நேரமாச்சு," என்று சபேசன் கார்க் கதவைத் திறந்து பிடித்தார்.

திருமேனி காரில் ஏறினார்.

மேடையில் நின்றவர், "யோவ் சபேசா!" என்று கத்தினார்.

சபேசன் திரும்பிப் பார்த்தார். "நீங்க யாருங்க?"

பெயரைச் சொல்ல வாயெடுத்தார். அது காரில் ஏறியிருந்தது. கார் போய்விட்டது. அவர் நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

சிட்டம்மாள் மடியைத் தட்டிக் காட்டினாள். மடி இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"படுத்துக்க சாமி. அழக் கூடாது. அய்யா பதவி ஏத்துக்கிட்டு ஒருநாள் இந்தப் பக்கம் வராமயா போவாரு? கேட்டுப் பாப்போம்."