நூறு நாள் தீட்டு

"அத்த, ஒரே ஒரு வாட்டி குடுத்துட்றேன். அழுது அழுது தொண்ட கட்டிப் போச்சி அவனுக்கு."

"வாணாம். இன்னும் அறுபத்தி மூணு நாள் கீது. போய்ப் பீச்சிட்டு வா."

சித்தூர் மிஷன் தெருவில், சபை மூப்பர் இயேசுதாசனின் வீட்டுக் கொல்லைப்புறத்தில் மருமகள் எலிசபெத் குந்தியிருந்தாள். மார் இரண்டும் கல்லாய்க் கட்டிக்கொண்டு வலித்தன. அடுப்புச் சாம்பலைக் குழித்து அதில் பாலைப் பீச்சினாள். சாம்பல் குடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே அவள் பெற்ற பிள்ளை, பிறந்து முப்பத்தேழு நாள் ஆனவன், கண்ணாடிப் புட்டியில் பசும்பாலைக் குடிப்பதும் கக்குவதுமாகக் கிடந்தான். வாசற்படியை மறித்துக்கொண்டு மாமியார் அன்னபாக்கியம் நின்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிருபாவதி வந்தது அந்த நேரத்தில்தான். ரத்தப் பரிசோதனை அறையில் வேலை செய்கிறவள். மதராஸில் விஞ்ஞானம் படித்துவிட்டு வந்த பெண். எலிசபெத்தின் உடம்பில் ரத்தம் ஊறியிருக்கிறதா என்று பார்க்க, விரலில் குத்தும் ஊசியும் கண்ணாடிச் சில்லுமாக வந்தாள். சாம்பல் குழியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"இன்னா பெரிம்மா இது? பாலை ஏன் கீழே வுடறாங்க?"

அன்னபாக்கியம் சுவரிலிருந்த காலண்டரைக் காட்டினாள். ஒவ்வொரு தேதியிலும் பென்சிலால் ஒரு எண் எழுதியிருந்தது. கடைசி எண் முப்பத்தேழு.

"நீதானேம்மா சொன்ன. அந்தச் சேரிக்காரி குடுத்த ரத்தம் நூறு நாளைக்கு மேல இவ ஒடம்புல நிக்காதுன்னு. பாலு எதுலேர்ந்து ஊறுது? ரத்தத்துலேர்ந்துதானே? நூறு நாள் போவட்டும், அப்பறம் குடுக்கட்டும். பெரிய படிப்பு படிச்சவ சொன்னத நாங்க மீறுவமா?"

கிருபாவதி அப்படிச் சொன்னது வாஸ்தவம்தான்.

முப்பத்தேழு நாளைக்கு முன்னால், காலை ஒன்பது மணிக்குப் பிள்ளை பிறந்தது. பத்து மணிக்குள் எலிசபெத்தின் கட்டிலுக்கடியில் வைத்த தட்டு ரத்தத்தால் நிரம்பிவிட்டது. வேறொருவர் ரத்தத்தை ஏற்றினால்தான் பிழைப்பாள் என்றார் டாக்டரம்மா. யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடம் அது. பரிசோதனைக்கு வேண்டிய மருந்துநீர் மதராஸிலிருந்து எப்போதோ வரும். அதைக் கெடாமல் வைக்க ரேணிகுண்டாவிலிருந்து மரத்தூளில் புதைத்த ஐஸ் ரயிலில் வரவேண்டும். வருகிறதுக்குள் பாதி தண்ணீர். அந்த வாரம் எப்படியோ இரண்டும் கையில் இருந்தன.

ஒருவர் ரத்தம் மற்றவர் ரத்தத்தோடு ஒத்துப் போகவில்லையென்றால், கண்ணாடிச் சில்லில் கலந்த மாத்திரத்தில் பால் திரிந்ததுபோல் திரள் திரளாகிவிடும். உடம்புக்குள்ளும் அதே கதைதான், ஆள் செத்துப் போவார். புருஷன் ஜெபதாஸின் ரத்தம் திரிந்தது. மாமனார் இயேசுதாசனின் ரத்தம் திரிந்தது. புத்தூரிலிருந்து ஓடிவந்த எலிசபெத்தின் சொந்த அண்ணன் ரத்தமும் திரிந்தது. நாலு தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக் காப்பாற்றிவந்த ரத்தம் ஒன்றுக்கும் உதவவில்லை.

கிருபாவதியிடம் இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் இருந்தன. ஜில்லாவில் யாருக்கு எந்த வகை ரத்தம் என்று ஒரு வருஷமாக ஊர் ஊராய்ப் போய், விரல் குத்தி, எழுதி வைத்தது. அது அவளுடைய ஆராய்ச்சி. அட்டையில் பெயர், வயது, ரத்த வகை, ஜாதி என்று நான்கு கட்டம். ஜாதிக் கட்டம் மதராஸ் பேராசிரியரின் உத்தரவு. ஜாதிக்கு ஜாதி ரத்தம் வேறாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அப்படி ஒரு மண்ணும் இல்லை. எல்லா வகையும் எல்லாத் தெருவிலும் கிடந்தது. ஆனாலும் கட்டத்தை அவள் நிரப்பிக்கொண்டுதான் வந்தாள்.

அட்டைகளைப் புரட்டியதில் கைக்கெட்டிய தூரத்தில் ஒரே ஒரு பெயர் ஒத்துவந்தது. தபீதாள். அந்த ஆஸ்பத்திரியிலேயே மலப்பாத்திரம் கழுவுகிறவள். சேரியில் குடியிருப்பவள். கூப்பிட்டதும் கையை கார்பாலிக் சோப்பில் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து படுத்தாள். எவ்வளவு வேண்டுமென்றுகூடக் கேட்கவில்லை. "அந்தம்மா பொழைச்சா போதும்" என்றாள். எழுந்தபின் அவளுக்குக் காபி கொடுத்தார்கள், அவளுக்கென்று ஜன்னலில் கவிழ்த்து வைத்திருக்கும் தகரக் குவளையில். கிருபாவதி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள்.

எலிசபெத் பிழைத்தாள். இயேசுதாசன் பரிசோதனை அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். தாலுகா கச்சேரியில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞானஸ்நானம் வாங்கி நாலு தலைமுறை ஆகியும், பெயருக்குப் பின்னாலிருக்கும் ஜாதிப் பட்டத்தை ஆணியடித்து வைத்திருக்கிற குடும்பம்.

"நீ நம்ம பொண்ணு, அதனால கேக்கறேன். அந்த ரத்தம் எத்தன நாளைக்கி இருக்கும்?"

அவர் பயந்திருக்கிறார், ஆறுதல் சொல்லலாம் என்று நினைத்தாள் கிருபாவதி. படித்ததைச் சொல்லிக்கொள்ளும் பெருமையும் கொஞ்சம் இருந்தது. "நூறு நாள் ஐயா. அதுக்குள்ள அந்தச் செகப்பணு எல்லாம் செத்துடும். அப்பறம் அத்தனையும் அவங்க சொந்த ரத்தந்தான்" என்றாள்.

அந்த ஆறுதலைத்தான் இப்போது காலண்டரில் எழுதி வைத்திருந்தார்கள். எலிசபெத்துக்குத் தனித் தட்டு, தனிப் பாய். ஊருக்குச் சொன்ன கதை வேறு: ரத்தம் கொடுத்தது புருஷன் ஜெபதாஸ். தபீதாள் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று சொல்லி வைத்தாயிற்று. உயிரைக் கொடுத்தவளுக்கு வேலை போகும் மிரட்டல். தூ, இதுவும் ஒரு குடும்பம்.

கிருபாவதி உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். எடையே இல்லை. தொடைத் தோல் மடிந்து தொங்கியது. துணி முழுவதும் பச்சையாய்ப் பேதி போயிருந்தான். புட்டியின் வாயில் ஈ. நாற்காலியில் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்த இயேசுதாசன் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, பாலும் ரத்தமும் ஒண்ணில்ல. தாயோட பால்லதான் நோய எதிர்க்கற சத்து கீது. உங்க வூட்லயே பசு கீதே, கன்னு போட்டதும் சீம்பால் குடிக்காத கன்னு பொழைக்குமா? புள்ளைக்கி அதையும் குடுக்கல நீங்க. இப்பிடியே போனா இன்னும் ஒரு வாரம் தாங்காது."

அவர் பத்திரிகையை மடித்தார். "சத்து வருதுன்ற. அப்ப ரத்தத்துல கீறது பால்ல வருதுன்னு நீயே ஒத்துக்கற."

அவர் முட்டாள் இல்லை. அதுதான் இன்னும் அருவருப்பு. கச்சேரியில் முப்பது வருஷம் பிறர் வாயிலிருந்தே தனக்கு வேண்டியதைப் பிடுங்கிப் பழகியவர்.

ஜெபதாஸ் தூணோரம் நின்றிருந்தான். பிள்ளையைப் பார்த்தான், தகப்பனைப் பார்த்தான். "நைனா, பையன் ரொம்ப..." என்று ஆரம்பித்தவன், தகப்பன் திரும்பியதும் மீதியை விழுங்கிக்கொண்டான்.

"சரிம்மா," என்றார் இயேசுதாசன். "நானும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. என் பேரனாச்சே. நீ ஒரு காயிதம் எழுதிக் குடு. டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன், அந்நிய ரத்தம் இவ ஒடம்புல துளி இல்லன்னு. சீக்கிரமே போயிடிச்சின்னு எழுது. ஞாயித்துக்கெழம நாப்பதாம் நாளு, கோயிலுக்கு ஸ்தோத்திரக் காணிக்க கொண்டுபோறோம். அன்னிலேர்ந்து பால் குடுக்கட்டும்."

கிருபாவதி அன்றே எழுதவில்லை. வெள்ளிக்கிழமையும் எழுதவில்லை. ஒரு பொய்க் காகிதம். எழுதினால் பிள்ளை பிழைக்கும். எழுதினால், தபீதாளின் ரத்தம் தீட்டுதான், போய்விட்டதால் மட்டுமே பரவாயில்லை என்று விஞ்ஞானத்தின் பெயரில் கையெழுத்துப் போட்டதாகும். சனிக்கிழமை மதியம் தபீதாள் அறையைப் பெருக்க வந்தாள்.

"அந்தம்மா புள்ள எப்பிடிக் கீறான் கிருபாம்மா? பாலு கீலு நல்லா குடிக்கறானா?"

"குடிக்கறான்" என்றாள் கிருபாவதி. அவள் போனதும் உட்கார்ந்து காகிதத்தை எழுதி, ஆஸ்பத்திரி முத்திரையும் குத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் எலிசபெத்தின் கையில் அதைக் கொடுத்தாள். எலிசபெத் நின்றபடியே படித்தாள். பிள்ளை தோளில் துவண்டு கிடந்தான்.

"இது மெய்யா கிருபா?"

"பொய். ஆனா புள்ள பொழைப்பான். வாங்கிக்கோ."

எலிசபெத் பாட்டுப் புத்தகத்துக்குள் அதை வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தக் கோயிலில் பெஞ்சுகள் எல்லாம் ஒரே மரம், ஒரே உயரம். ஆனால் நடுவில் இரண்டு முழம் இடைவெளி உண்டு. முன்னால் உட்காருகிறவர்கள் என்றும் முன்னால்தான், பின்னால் உட்காருகிறவர்கள் என்றும் பின்னால்தான். திராட்சரசத்துக்கும் இரண்டு கிண்ணம். வெள்ளிக் கிண்ணம் முன்னால் சுற்றும். பித்தளைக் கிண்ணம் பின்னால் சுற்றும். யார் வைத்த சட்டமென்று கேட்டால் யாருக்கும் தெரியாது, மாற்றக் கூடாதென்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

பாதிரியார் அறிவிப்பு வாசித்தார். சகோதரன் ஜெபதாஸ் தன் சொந்த ரத்தத்தைக் கொடுத்துத் தன் மனைவியின் உயிரைக் காத்ததற்காக, மூப்பர் குடும்பம் காணிக்கை செலுத்துகிறது. ஜெபதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பணிவு என்று நினைத்தார்கள் சபையார். பின் பெஞ்சில் தபீதாள் தன் முழங்கையை முந்தானையால் மூடிக்கொண்டாள், ஊசி குத்திய தழும்பு அங்கேதான் இருந்தது.

எலிசபெத் எழுந்தாள். காணிக்கை வைக்கப் போகிறாள் என்று வழி விட்டார்கள். அவள் முன்னால் போகவில்லை. திரும்பி, அந்த இரண்டு முழ இடைவெளியைக் கடந்து, தபீதாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வாணாம்மா," என்று கிசுகிசுத்தாள் தபீதாள். "எம் பொழப்பு போயிடும்."

"போனா ரெண்டு பேருக்கும் போவட்டும். கொஞ்சம் நவுந்துக்க, தபீதாக்கா."

முந்தானையைப் போர்த்திக்கொண்டு பிள்ளையை மாரில் சேர்த்தாள். முதலில் பிள்ளைக்குப் பிடிக்கத் தெரியவில்லை. புட்டி ரப்பருக்குப் பழகிய வாய் வழுக்கி வழுக்கிப் போனது. தபீதாள்தான், யோசிக்காமல், விரலால் அவன் தாடையை லேசாய் அழுத்திக் கொடுத்தாள். பிடித்துக்கொண்டான். பிறகு அவன் விழுங்குகிற சத்தம் மூன்று பெஞ்சுக்குக் கேட்டது.

பாதிரியார் ஒருமுறை பின் பெஞ்சைப் பார்த்தார். இருந்தும் வெள்ளிக் கிண்ணத்தை உயர்த்தி, அதில் இருப்பது யாருடைய ரத்தம், யாருக்காகச் சிந்தியது என்று வாரா வாரம் சொல்வதைச் சொன்னார். இயேசுதாசன் வழக்கம்போல் முதலில் குடித்தார். கொஞ்சம் சட்டையில் சிந்திற்று. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கிருபாவதிக்கு எழுந்து பின்னால் போகவேண்டும் என்று இருந்தது. கிண்ணம் அவளிடம் வந்தது. வாங்கிக் குடித்துவிட்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். பித்தளைக் கிண்ணம் சுற்றியபோது தபீதாளுக்கு அடுத்தபடியாக எலிசபெத் குடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் யாரும் கூச்சல் போடவில்லை. எலிசபெத் பாட்டுப் புத்தகத்திலிருந்து காகிதத்தை எடுத்து மாமனாரின் மேஜைமேல் வைத்தாள்.

"இது உங்களுக்கு எழுதுனது, மாமா. எனக்கு வாணாம்."

இயேசுதாசன் அதைப் படித்தார். பத்திரமாக மடித்துப் பெட்டியில் வைத்தார். பேரன் தூங்கிக்கொண்டிருந்தான், நாற்பது நாளில் முதல் தடவையாக வயிறு நிரம்பி. அன்னபாக்கியம் குனிந்து அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர்கூட வந்தது, பாட்டிதானே. கன்னத்தைத் தொடப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள்.

நேராகக் காலண்டரிடம் போனாள். அன்றைய தேதியில் இருந்த நாற்பதுக்குப் பக்கத்தில், பென்சிலை நாக்கில் நனைத்து, ஒன்று என்று எழுதினாள்.

"இது யாருக்கு அத்த?" என்றாள் எலிசபெத்.

"புள்ளைக்கி. இன்னிக்கிதானே குடிச்சான். இவனுக்கும் நூறு நாள் போவணும்."

பிள்ளை சிணுங்கினான். எலிசபெத் அவனை எடுத்துக்கொண்டு போய், காலண்டருக்கு நேர் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மறுபடியும் பால் கொடுக்கத் தொடங்கினாள்.