அதிகாரிக்கு நூற்றியொரு டிகிரி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இது எனக்குக் கிடைத்தது. அத்தான் சொன்னார், அக்கா நடுநடுவே "அப்படி இல்ல" என்றாள், நான் தட்டில் கை காயும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கிறவள். நான் எழுத எழுத அவள் சிவப்புப் பேனாவால் போட்ட குறிப்புகளை அடைப்புக்குறிக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். எடுத்தால் என்னோடு பேசமாட்டாள்.

தொடக்கம்தான் படுத்தியது.

"உலகையே உலுக்கிய பெருந்தொற்றுக் காலத்தில்" என்று ஆரம்பித்தேன். இப்படி ஒரு வரியைக் கண்டால் நானே பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

"பதினான்கு மாதம் கழித்துப் பள்ளியின் இரும்புக் கதவு திறந்தபோது, மைதானத்தில் புல் ஆளுயரம் வளர்ந்திருக்க, அதற்குள்ளிருந்து ஒரு—"

[அக்கா: அது சிமெண்டுத் தரை. புல்லும் கிடையாது, நீ அடுத்து எழுதவிருந்த பாம்பும் கிடையாது.]

சரி. நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன். பள்ளி திறந்த அன்று காலை அத்தான் விசிலை ஊதினார். சத்தம் வரவில்லை.

2

அத்தான் உடற்பயிற்சி ஆசிரியர். இருபத்திரண்டு வருடமாக அவர் பள்ளியில் பேசியதைவிட ஊதியதே அதிகம். ஒரு நீட்டல் என்றால் வரிசை. இரண்டு வெட்டு என்றால் உட்கார். மூன்று என்றால் யாரோ மாட்டிக்கொண்டார்கள். அன்றைக்கும் பழக்கதோஷத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். குறுக்கே முகக்கவசம் இருந்தது. ஊதிய காற்றில் துணி தவளைக் கன்னம் போல உப்பியது, மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்தது. இருநூறு பிள்ளைகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு ஊதலாம்தான். ஆனால் அவருக்குப் பின்னால் இருந்த சுவரில், எக்காரணம் கொண்டும் முகக்கவசத்தை அகற்றக் கூடாது என்று ஓர் அறிவிப்பு. கீழே கையொப்பம் அவருடையது.

அவர் எப்படிச் சுகாதாரப் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளி திறப்பதற்கு முன் ஆசிரியர்களுக்கு வீடியோவில் ஒரு கூட்டம் நடந்தது. பொறுப்பை யார் எடுத்துக்கொள்வது என்று தலைமையாசிரியை கேட்ட நேரத்தில், அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்து அத்தான் எழுந்து ஓடினார். எழுந்தது திரையில் தெரிந்தது. ஓடியது தெரியவில்லை. முன்வந்து எழுந்து நின்ற ஒரே ஆசிரியர் என்று எல்லாரும் கை தட்டினார்கள். திரும்பி வந்தவர் ஐந்து நிமிடம் மறுத்துப் பேசியிருக்கிறார். அவருடைய ஒலி அணைந்திருந்தது.

[அக்கா: பாலும் வீணாப்போச்சு. அதையும் எழுது.]

3

முப்பத்தெட்டுப் பக்கம் விதிமுறைகள் வந்தன. அத்தான் மூன்று முறை படித்தார். நீளம் தாண்டுதலுக்கு வைத்திருந்த அளவுநாடாவை எடுத்து, மண்டியிட்டுத் தவழ்ந்து, மைதானம் முழுக்க ஆறடிக்கு ஒரு வட்டம் வரைந்தார். மறுநாளே பிள்ளைகள் அதில் நொண்டியடித்தார்கள். கை கழுவுகிற இடத்தில் இருபது வினாடி எண்ண வேண்டும் என்றார். ஒன்றாம் வகுப்புக்குப் பத்துக்கு மேல் எண்ணத் தெரியாது, இரண்டு தடவை பத்து என்று மாற்றினார்.

வாசலில் வெப்பநிலை பார்க்கும் துப்பாக்கி. முதல் இரண்டு நாள் அது எல்லாருக்கும் எண்பத்தொன்று காட்டியது. அந்தக் கணக்குப்படி மூன்றாம் வகுப்பு முழுக்கப் பல்லிகள். பேட்டரியை மாற்றியதும் திருந்தியது. அதற்குப் பிறகு ஒரு நாளும் தப்புச் சொல்லவில்லை. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியை வைத்துக்கொள்ளவில்லை.

நூறைத் தாண்டினால் யாராக இருந்தாலும் தனிமை அறை. பதினைந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் குறையாவிட்டால் சீட்டு எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பள்ளியில் வேறு இடம் இல்லாததால் விளையாட்டுச் சாமான் அறையே தனிமை அறை ஆயிற்று.

இதையெல்லாம் எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அத்தானுக்கு வரவில்லை. பள்ளி திறந்த அன்று பதினேழு பிள்ளைகள் வரவில்லை. அவர் வீடு வீடாக நடந்து பதினொரு பேரைத் திரும்பக் கூட்டிவந்தார். ஒருத்தி மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாளாம். மீதி ஆறு பேரின் வீடுகள் பூட்டிக் கிடந்தன. இன்னொரு முறை பள்ளியை மூடினால் எத்தனை பேர் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே பயம்.

4

அதனால்தான் ஆய்வு அதிகாரி வரப்போகிறார் என்றதும் அவர் அந்த முப்பத்தெட்டுப் பக்கத்தை நான்காவது முறை படித்தார். பக்கத்து இரண்டு பள்ளிகளை அந்த அதிகாரி எழுதிய ஒரு தாளை வைத்து மாதக்கணக்கில் மூடிவிட்டார்கள்.

இந்த அதிகாரி என் கைக்கு அடங்கவே இல்லை. முதல் வரைவில் அவருக்கு முறுக்கிய மீசை வைத்து, பல்லைக் கடிக்கும் ஆளாக எழுதியிருந்தேன்.

[அக்கா: மாஸ்க் போட்டவருக்கு மீசையும் பல்லும் உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?]

நியாயம்தான். மீசையை எடுத்துவிட்டேன். ஒல்லியானவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், தோளில் ஒரு பை, கண்கள் மட்டும் சிவந்திருந்தன. அந்த வாரத்தில் அவருக்கு அது மூன்றாவது பள்ளி.

முந்தைய நாளே தலைமையாசிரியை அத்தானைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அதிகாரி வந்தால் வணக்கம் சொல்லி நேராக உள்ளே விடுங்கள், நெற்றியில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள், மரியாதையாக இருக்காது. அத்தானும் தலையாட்டினார். ஆனால் மூன்று வாரமாக ஒரு நாளைக்கு இருநூறு நெற்றி பார்த்த கை அது. ஆளைக் கண்டதும் தானாக உயர்ந்தது.

நூற்றியொன்று புள்ளி இரண்டு.

அத்தான் துப்பாக்கியைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அதிகாரி எதையும் கவனிக்கவில்லை. தலைமையாசிரியை, உள்ளே வாருங்கள் என்று கையைக் காட்டினார்.

பக்கத்து வட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். குரலை வைத்து எல்லாரும் அவளைக் கீச்சு என்றுதான் கூப்பிடுவார்கள். துப்பாக்கியின் திரை அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

"சார், அவருக்கு நூத்தி ஒண்ணு புள்ளி ரெண்டு," என்றாள்.

அத்தான் துப்பாக்கியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவள் நிறுத்தவில்லை.

"போன வாரம் எனக்கு நூறு புள்ளி அஞ்சுதான் இருந்துச்சு. அதுக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. அன்னைக்கு என் பிறந்தநாள்."

வெயிலில் வந்திருப்பார், மெஷின் தப்பாகக் காட்டும் என்றார் தலைமையாசிரியை. அன்று காலையிலிருந்து மேகமூட்டம்.

அதிகாரி அத்தானைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு சொல்றது சரியா?"

அத்தானுக்கு பள்ளி, தாள், பூட்டிய ஆறு வீடுகள் எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. ஆறடி தள்ளி கீச்சு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சரிதான் சார்," என்றார். "நீங்க பதினஞ்சு நிமிஷம் அந்த ரூம்ல உக்காரணும்."

5

தனிமை அறையில் வளையங்கள், கயிறுகள், காற்றுப் போன ஒரு கால்பந்து, உயரம் தாண்டுதலுக்கான பெரிய மெத்தை. நாற்காலியைத் துடைத்துக் காய வைத்திருந்ததால் அதிகாரி மெத்தையில் உட்கார்ந்தார். ஜன்னல்வழியாகப் பார்த்தபோது கால் நீட்டியிருந்தார். அடுத்துப் பார்த்தபோது குறட்டை கேட்டது.

பதினைந்து நிமிடம் ஆயிற்று. நாற்பது ஆயிற்று. உள்ளே போய் எழுப்ப விதியில் இடமில்லை. தலைமையாசிரியை வராந்தாவில் போவதும் வருவதுமாக இருந்தார், ஒவ்வொரு முறையும் அத்தானை ஒரு பார்வை. அத்தான் ஜன்னலைத் தட்டினார், கம்பியில் சாவியை உரசினார், கடைசியில் தொண்டையைச் செருமினார். கவசத்துக்குள் ஏதோ நூல் சிக்கி, செருமல் பெரிய இருமலாக வெடித்தது.

மைதானத்தில் இருந்த இருநூறு பிள்ளைகளும், யாரும் சொல்லாமலே, ஆளுக்கொரு வட்டம் பின்னால் போனார்கள். அப்படி ஒரு சீரான வரிசையை இருபத்திரண்டு வருடத்தில் அவர் கண்டதில்லை. உள்ளே அதிகாரி துள்ளி எழுந்து கவசத்தைச் சரிசெய்தார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அத்தான் இருமியே பயிற்சி நடத்தினார்.

[அக்கா: ரெண்டு வாரம். அதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரங்க புகார் பண்ணிட்டாங்க.]

இரண்டாவது அளவு நூற்றியொன்று புள்ளி ஆறு. அத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே சீட்டை எடுத்தார், வேறு சீட்டு இல்லை. 'தங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் இருப்பதால்' என்று தொடங்கும் அது. வகுப்பு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு போட்டார். அதிகாரி வாங்கிப் படித்து, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

6

முடிவுக்கு நான் மூன்று வரைவு போட்டேன்.

ஒன்றில், அது வெறும் களைப்பு. அதிகாரி சிரித்துக்கொண்டே திரும்பி வருகிறார். அப்படியென்றால் கீச்சு சொன்னது வீண். கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் பெரிய மேடை, மாலை, அத்தானுக்கு விருது. அதைப் படித்துவிட்டு அவர் இரண்டு நாள் என் போனை எடுக்கவில்லை.

மூன்றாவதில் பள்ளியை மூடிவிடுகிறார்கள். மளிகைக் கடை வரைக்கும் எழுதினேன், அதற்கு மேல் பேனா—

நடந்தது இதுதான். அதிகாரிக்குத் தொற்று உறுதியானது. லேசாகத்தான் வந்தது. பதினெட்டு நாள் கழித்து மெலிந்த முகத்தோடு அவரே வந்தார், வாசலில் நின்று நெற்றியைக் காட்டினார், தொண்ணூற்றேழு. பிறகு பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார். அடியில் நடுங்கிய எழுத்தில் ஒரு கையொப்பம்.

"பெற்றோர் கையெழுத்துன்னு போட்டிருந்துச்சு," என்றார். "அம்மாகிட்ட வாங்கினேன். ஏன்டா உடம்பப் பாத்துக்க மாட்டியான்னு ஒரு மணி நேரம் திட்டுனாங்க."

பள்ளி தொடர்ந்து நடக்கலாம் என்று அவர் எழுதிய தாளில் ஒரே ஒரு குறை இருந்தது: தனிமை அறை மெத்தை தேவைக்கு மேல் சுகமாக உள்ளது.

7

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் முதல் வரைவில் கீச்சு கிடையாது. துப்பாக்கியைப் பார்த்ததும் அத்தான் நிமிர்ந்து நின்று தானே அதிகாரியைத் தடுப்பதாக எழுதியிருந்தேன். கதாநாயகன் என்றால் அப்படித்தானே. அத்தான் அதை வாசித்துவிட்டு, அக்காவின் பேனாவை வாங்கி, அந்தப் பக்கம் முழுவதையும் அடித்தார்.

"நானா நிறுத்துனேன்னு எழுதாத. அந்தப் பொண்ணைப் போடு," என்றார்.

அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் விட்டிருப்பீர்களா என்று கேட்டேன்.

"விட்டிருக்க மாட்டேன்னுதான் நான்..." என்றவர், தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனார். உள்ளே குழாய் வெகுநேரம் ஓடியது. பாதியில் நின்ற எந்த வாக்கியத்தையும் சும்மா விடாத அக்கா, இதற்கு மட்டும் பேனாவைத் தொடவில்லை.

எனக்கும் அதை முடிக்கத் தைரியம் இல்லை. அதனால் உங்களிடம் தருகிறேன். காலை எட்டரை மணி. அன்று கீச்சு பள்ளிக்கு வரவில்லை, பக்கத்து வட்டம் காலி. திரையில் நூற்றியொன்று புள்ளி இரண்டு, அதைப் பார்த்தது நீங்கள் மட்டும். தலைமையாசிரியை வழிகாட்டிக் கையை நீட்டிவிட்டார். அதிகாரி ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

சீக்கிரம் சொல்லுங்கள்.