ஒத்திகைக்கு வராத ஆள்

"இன்னைக்கு வர்றது புது ஆளு. பழைய நடிகருக்குக் காய்ச்சல்னு நாடகக் குழுவுல வேற ஒருத்தரை அனுப்புறாங்க," என்றார் பேராசிரியை. "பயந்துடாதீங்க சிஸ்டர்."

"போன வாரம் வந்தவர் கத்தின கத்துல அவருக்குத்தான் மேடம் தொண்டை கட்டிச்சு," என்று நர்ஸ் சிரித்தாள்.

பல்கலைக்கழக மருத்துவமனையின் தரைத்தளத்தில் இருந்தது அந்தச் செவிலியர் ஆய்வு மையம். சாவுச் செய்தி சொல்லும் நர்ஸை உறவுக்காரர்கள் அடிக்காமலிருக்க, அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதே ஆராய்ச்சி. அதற்காக ஓர் அறையை வார்டு போலவே ஜோடித்திருந்தார்கள். கட்டிலில் தலையோடு போர்த்திய பொம்மை, பக்கத்தில் மானிட்டர், வாசலில் 'தீவிர சிகிச்சைப் பிரிவு' என்ற பலகைகூட. பேராசிரியையும் உதவியாளனும், உள்ளிருப்பவர்களுக்குத் தெரியாத கண்ணாடிக்கு அந்தப் பக்கம். உறவுக்காரராக நடிப்பவர் எல்லை மீறினால் நர்ஸ் 'சிவப்பு' என்று சொல்ல வேண்டும். அதுவரை யாரும் உள்ளே போகக்கூடாது.

அந்தப் பலகையைப் பார்த்துத்தான் லாரி டிரைவர் உள்ளே நுழைந்தான். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்த சேதி கேட்டு, லோடைப் பாதியில் விட்டு ஓடி வந்தவன். நிஜமான தீவிர சிகிச்சைப் பிரிவு மூன்றாவது மாடியில் இருந்தது.

"சிஸ்டர், என் பொண்டாட்டி எங்க?"

ஒத்திகையிலும் அதுதான் முதல் வசனம்.

"உட்காருங்கண்ணா."

"உட்காரவா வந்தேன்? எப்படி இருக்கா, அதைச் சொல்லும்மா."

"எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம். காப்பாத்த முடியலை. உங்க மனைவி இறந்துட்டாங்க."

அவன் கட்டிலைப் பார்த்தான். "காலையில போன்ல பேசினாளே. வரும்போது சீப்பு வாங்கிட்டு வான்னாளே."

"சொந்தமா வசனம் போடுறாரே!" என்றார் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பேராசிரியை.

"கொன்னுட்டு உட்காருன்னா சொல்றே?"

விழுந்த அறையில் நர்ஸின் உதடு கிழிந்தது. டீசல் நாற்றம் அடிக்கும் கை. நடிக்க வருகிறவனுக்கு இந்தக் கை ஏது? அவள் பின்னால் நகர்ந்தாள்.

"மேடம், நிஜமாவே அடிக்கிற மாதிரி இருக்கு," என்றான் உதவியாளன்.

"அவங்க சொல்லட்டும். அதுவரைக்கும் போகக்கூடாது."

டிரைவர் டிரிப் ஸ்டாண்டைப் பிடுங்கி மானிட்டரை நொறுக்கினான். அடுத்த வீச்சு அவள் தோளில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. 'சிவப்பு' என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் விரல்கள் கழுத்தை இறுக்கிவிட்டன. "சி..." என்று காற்றுதான் வந்தது. கால்கள் தரையில் உதறின.

பேராசிரியைக்குப் பின்னால் கதவு திறந்தது. "மன்னிச்சுக்கங்க மேடம், பஸ் வழியிலேயே நின்னுடுச்சு. நாடகக் குழுவிலேருந்து வர்றேன்."

பேராசிரியையின் முகம் வெளுத்தது. "அப்ப உள்ள இருக்கறது யாரு?"

முதலில் பாய்ந்து உள்ளே ஓடியவன் அந்த நடிகன்தான். பின்னாலேயே, உதவியாளன் கூவி அழைத்த காவலாளிகள் தடியோடு வந்தார்கள். டிரைவரைப் பிய்த்து எடுத்துத் தரையில் போட்டு மிதித்தார்கள்.

"பொம்பளை மேலயாடா கை வைக்கிறே?"

முன்பல் தெறித்தது. அடி விழ விழ அவன் கட்டிலை நோக்கியே ஊர்ந்தான். "அவ மூஞ்சியை ஒரு தடவை காட்டுங்கடா!"

நர்ஸ் தவழ்ந்து போய், உடையாத கையால் போர்வையை இழுத்தாள். பிளாஸ்டிக் முகம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓங்கிய தடி அப்படியே நின்றது.

"பொம்மைண்ணா," என்றாள், குரல் கரகரக்க. "நடிக்க வந்தவர்னு நெனச்சுட்டேன். நான் சொன்னது நிஜமில்லை."

"அப்ப அவ?"

அவளுக்குத் தெரியாது. உதவியாளன் அவனிடம் மனைவி பெயரைக் கேட்டு, மாடிக்குப் போன் போட்டு, பதிலுக்குக் காத்திருந்தான்.

"உயிரோட இருக்காங்க. இவர் வந்துட்டாரான்னுதான் கேட்டுக்கிட்டே இருக்காங்களாம்."

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகுதான் தொங்கும் அவள் கையைப் பார்த்தான். "நானாம்மா ஒடைச்சேன்?"

"எந்திரிங்க. முதல்ல அவங்களைப் பாருங்க."

லிஃப்டில் நர்ஸும் கூடவே ஏறினாள். காவலாளி அவன் சட்டைக் காலரை விடவே இல்லை. டிரைவர் தன் முகத்து ரத்தத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். போகவில்லை.

"இந்த மூஞ்சியைப் பார்த்தா பயந்துடுவா. நீயே என்னமாவது சொல்லும்மா."

"நான் வாயே திறக்க மாட்டேண்ணா," என்றாள் நர்ஸ். "இன்னைக்குச் சொன்னது போதும்."