எல்லாத் திரையிலும் மஞ்சள்

"மைனஸ் எக்ஸ் போடும்மா, காப்பி ஆயிடும்." பக்கத்து மேஜைப் பெண்ணிடம் என் கணவர் திரையைப் பார்க்காமலேயே சொன்னதைக் கேட்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள். கம்ப்யூட்டர் கட்டளைகளை விளக்கும் மேனுவல் பக்கங்களெல்லாம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். ஆபீஸில் அவருக்குப் பெயரே 'மேனுவல்'தான். ஆனால் அந்தக் கட்டளையோடு மைனஸ் எக்ஸ் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் பிரதி எடுக்கும் என்பது பழைய கதை. புதிய பதிப்பில் அது அழித்துவிடும். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்திருக்காவிட்டால் ஒரு வாரக் கோப்புகள் போயிருக்கும். மாறியதை அவர் படித்திருக்கவில்லை, படிக்க முடியவில்லை. கண் மங்கிவருவது எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். ஆபீஸுக்குத் தெரிந்தால் ஓரங்கட்டிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே டெர்மினல். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. தலைப்பும் விளக்கமும் ஒரே நிறத்தில் அப்பிக்கொண்டு கிடக்கும். நான் ஒரு வரியைத் தேடுவதற்குள் அவர் பக்கத்தையே முடித்துவிட்டு, "கீழ போகட்டுமா?" என்பார். என்னைப் பிடித்திருக்கிறது என்று அவர் சொன்னதும் ஏதோ ஒரு கட்டளையைப் பாதி படித்துக்கொண்டிருந்தபோதுதான். எந்தக் கட்டளை என்பதில் இன்றும் எங்களுக்குள் சண்டை. அந்த நாட்கள் போனதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

அன்று மதிய இடைவேளையில் அவர் இருக்கையில் உட்கார்ந்து, மேனுவல் பக்கங்கள் திரையில் தெரியும் விதத்தை மாற்றினேன். தலைப்புகளுக்கு மஞ்சள், ஆப்ஷன்களுக்கு வெளிர்நீலம், வரிக்கு அறுபது எழுத்து, ஓரத்தில் தாராளமாக இடம்.

"இப்ப பாருங்க."

அவர் மூக்கைத் திரையில் ஒட்டவில்லை. முழுப் பக்கத்தையும் முணுமுணுத்துக்கொண்டே படித்தார். "அடிப்பாவி, இத்தனை நாளா இதை எங்கடி வச்சிருந்த?"

அங்கேதான் என் பழக்கதோஷம் காலை வாரிவிட்டது. எதை மாற்றினாலும், எல்லோருக்கும் பொருந்துகிற சர்வரின் பொது அமைப்புக் கோப்பில் எழுதியே பழகிய கை. இதையும் அவர் கணக்கில் எழுதாமல் அதிலேயே எழுதித் தொலைத்திருக்கிறேன். மறுநாள் காலை எங்களைத் தவிர இருந்த ஏழு பேர் திரையிலும் மஞ்சள்.

"யாரு பார்த்த வேலை இது? சர்வருக்கு மஞ்சக்காமாலையா?" என்று கேட்டுக்கொண்டே மேலாளர் வந்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். "நான்தான் சார், தெரியாம..."

கணவர் என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார். "எனக்காகத்தான் சார் செஞ்சா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. எட்டு மாசமா மனப்பாடத்துலதான் ஓட்டிட்டு இருக்கேன்."

சிரிப்பு நின்றது. மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் அருகில் உட்கார்ந்தார். போன வாரம்தான் வந்த ஒரு புதுக் கட்டளையின் பக்கத்தைத் திறந்தார்.

"இது உங்களுக்கு மனப்பாடமா இருக்காது. படிங்க, பார்ப்போம்."

கணவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் தலைப்பிலிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். ஏழு பேரும் அவரவர் திரையில் அதே பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, வரிக்கு வரி விரலை நகர்த்தியபடி அவரோடு கூடவே வந்துகொண்டிருந்தார்கள்.