அடி தட்டும் கார்

என் தங்கையின் கணவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது என்று நான் சொல்லமாட்டேன். பிடிக்கத் தெரியும். பிடித்ததை எப்போது கீழே வைக்க வேண்டும் என்பதுதான் தெரியாது. ஆபீசில் அடுத்தவர் கணக்கைச் சரிபார்க்கும் உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் விஞ்ஞானி. நான் அவருக்கு வைத்த பெயர் அது.

விஞ்ஞானியின் கையில் மாட்டியது தங்கையின் பழைய கார். அவள் சொந்தச் சம்பளத்தில் வாங்கி, தினமும் வேலைக்கு ஓட்டிப்போன கார். டிரைவர் பக்கத்துக் கதவு மட்டும் திறக்கும்போது கிறீச்சிடும். "கொஞ்சம் எண்ணெய் விடுங்களேன்" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். செய்த பாவம் அவ்வளவுதான். கார் ஷெட்டுக்குள் போய்க் கட்டைகள்மேல் உட்கார்ந்தது. அவள் இரண்டு வருடம் பஸ்ஸில் போனாள்.

பஸ்ஸில் நசுங்கி வந்த பிறகு டார்ச் பிடிக்கும் வேலை வேறு. "அங்க இல்ல, இங்க காட்டு. ஒரு லைட்டக்கூட ஒழுங்கா பிடிக்கத் தெரியல உனக்கு" என்பார், இன்ஜினுக்குள் தலையை விட்டபடி. நட்டு கைதவறி விழுந்தாலும் டார்ச்சின்மேல்தான் பழி. அவளும் குனிந்து நட்டைத் தேடி எடுத்துக் கொடுப்பாள். அவரைவிட அவள்மேல்தான் எனக்கு எரிச்சல் வரும்.

ஒருவழியாகக் கார் வெளியே வந்தது. ஸ்டீயரிங் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுருங்கியிருந்தது. சைலன்சர் தெருவையே எழுப்பியது. ஸ்பிரிங்குகளை அறுத்துக் காரைத் தரையோடு தாழ்த்தியிருந்தார். காலிக் காரை ஷெட்டில் நிறுத்தி, ஸ்கேல் வைத்து அளந்து அறுத்தாராம். காருக்குள் மனிதர்கள் ஏறுவார்கள் என்பது அந்த மண்டையில் உதிக்கவே இல்லை.

"திங்கக்கிழமையிலேர்ந்து நான் வேலைக்கு எடுத்துட்டுப் போகட்டுமா?" என்று தங்கை கேட்டாள்.

"உனக்குத் தாங்காதும்மா. இது இப்ப சாதாரண வண்டி இல்ல. நீ பஸ்ஸுலயே போ."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தங்கை வீட்டில் இருந்த அம்மாவை என் வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருந்தேன். "டாக்சி எதுக்கு அக்கா? நம்ம வண்டி இருக்கும்போது" என்றார் விஞ்ஞானி. அம்மா இடுப்புக்குத் தலையணையோடு முன்னால் உட்கார்ந்தாள், நாங்கள் பின்னால். முதல் வேகத்தடையிலேயே காரின் அடிவயிறு தரையில் தேய்ந்தது.

"வெயிட் ஜாஸ்தி. எல்லாரும் கொஞ்சம் இறங்குங்க."

இறங்கினோம். அவர் மட்டும் நேரே ஏற்றினார். அப்போதும் தட்டியது. அடுத்த தடையிலும் அதே கூத்து.

"மாப்பிள்ளை, நாங்க நடந்தே போயிடுறோமே" என்றாள் அம்மா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மரியாதை குறையாமல்.

அதற்கடுத்த தடை வந்தபோது அவர் சிரித்தார். "லேடீஸ் எல்லாம் கொஞ்சம் உடம்பக் குறைக்கணும்." சொன்னவரின் தொந்தி அந்தத் தட்டு ஸ்டீயரிங்கை முட்டிக்கொண்டிருந்தது.

தங்கை நிதானமாகக் கேட்டாள். "வெயிட்டுதான் பிரச்சினையா?"

"ஆமா."

"அப்ப நீங்க இறங்குங்க."

"ஓட்டிப் பாரேன், உனக்கே தெரியும்" என்று வேடிக்கை பார்க்கும் ஆசையில் இறங்கினார். கார் மூச்சுவிட்டு ஒரு விரற்கடை உயர்ந்தது. சீட்டை அவர் உடம்புக்கு ஏற்றபடி அசையாமல் முறுக்கி வைத்திருந்தார். தங்கை முன்னால் மாறி உட்கார்ந்து, பெடல் எட்டுவதற்காக அம்மாவின் தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டாள். காரைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாகத் தடைமேல் ஏற்றி இறக்கினாள். அம்மாவும் நானும் உள்ளேயே இருந்தும் எங்கும் தட்டவில்லை.

அவர் கைதட்டினார். "பாத்தியா! நான் செஞ்ச வேலை அப்படி! சரி, நிறுத்து."

அவள் நிறுத்தவில்லை. கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். "பஸ் ஸ்டாப் அந்த முனையிலதான் இருக்கு. சில்லறை வெச்சிருக்கீங்கல்ல? திங்கக்கிழமையும் நான்தான் ஓட்டுவேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். தட்டிய கை தட்டியபடியே நின்றது. மனசு குளிர்ந்துவிட்டது எனக்கு.

என் வீட்டு வாசலில் அவள் இறங்கியபோது கதவு பழையபடியே கிறீச்சிட்டது.

"அக்கா, கொஞ்சம் எண்ணெய் கொண்டா" என்றாள்.