இரங்கற்பாவின் அடியில் ஒரு பெயர்

அரசலாறு கடலோடு கலக்குமிடத்தில் செம்பொன்னை உருக்கி ஊற்றினாற்போல் கதிரவன் எழ, கீழவாஞ்சூர்த் துறைமுகத்து நிலக்கரிப் புழுதி கீழ்வானில் மெல்லிய கருந்திரையாய்த் தொங்க, வாய்க்கால்கள் நிறைந்து சம்பாப் பயிரின் அடி நனைத்தோட, வரிச்சிக்குடி வயல்கள் மார்கழிப் பனியில் குளித்து நின்றன. கற்றறிந்த அன்பரே, இத்துணை எழிலும் கண்முன் விரிந்திருந்தும் எழுபத்திரண்டு அகவையினரான சோமசேகரன் அதில் ஒன்றையும் கண்டாரில்லை. கரை உடையும் ஓசைக்குச் செவி கொடுத்து நிற்கும் உழவனைப்போல், அன்றைய கருமாதியை எண்ணி எண்ணி அவர் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அவ்வூரில் எவர் மறைந்தாலும் பதினாறாம் நாளில் அவர் குடும்பத்தார் இரங்கற்பா ஒன்றை அச்சிட்டு வழங்குவதும், கவிராயர் வீட்டு மூத்தவர் எழுந்து நின்று அதனைப் படிப்பதும் வழக்கம். தாளின் அடியில், ‘கவிராயர் திருஞானசம்பந்தம் இயற்றியது’ என்றிருக்கும். அவர் சோமசேகரனின் மறைந்த தந்தை. அந்த ஒரு வரியால்தான் அது கவிராயர் வீடு. அந்த ஒரு வரிக்காகவே ஊர் அவர்களைக் கண்டதும் எழுந்து நின்றது.

உழவுத் தொழிலாளி முத்தையன் இறந்த பத்தாம் நாள் அவன் மகள் வினோதா வந்திருந்தாள்.

“ஐயா, அம்மா அந்த நாத்துப் பாட்டயே போடச் சொல்லுச்சுங்க. அதக் கேட்டாதான் மனசு ஆறுமாம்.”

எத்தனையோ வீடுகளின் துயராற்றிய பா அது. சொற்களைச் சரிபார்க்கத் தந்தையின் கையெழுத்தேட்டைத் திறந்தவர், அதன் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பைக் கண்டு உறைந்துபோனார்: ‘வயலில் அல்லி பாடக் கேட்டு எழுதினேன்.’ அல்லி முத்தையனின் மனைவி.

சோமசேகரனின் மனைவி பெரியநாயகி அதைப் படித்துவிட்டு ஏட்டை மூடினார்.

“உள்ள வைங்க. செத்தவர் பேர இப்ப எதுக்குத் தெருவுல இழுக்கணும்?”

“அவ சபையில வாயத் தொறந்தா?”

“நாப்பது வருசமாத் தொறக்காதவ, இன்னிக்கா தொறக்கப்போறா?”

அந்த நாற்பதாண்டு வாய்மூடலே அவரை மிகுதியாய் அச்சுறுத்தியது. இத்தனை காலம் பேசாமல் கேட்டிருந்தவள், இன்று அதே பாட்டை ஏன் வேண்டுகிறாள்? நான்கு நாள் தவித்து, ஐந்தாம் நாள் அச்சகத்துக்குச் சென்று, ‘அல்லி பாடியது, திருஞானசம்பந்தம் எழுதியது’ என அடிவரியை மாற்றினார்.

கருமாதிப் பந்தலில் எழுந்து நின்று படிக்கத் தொடங்கினார்.

நீநட்ட நாற்றெல்லாம் நிமிர்ந்துநிற்கக் காண்கின்றேன்;
நீமட்டும் நெல்விதையாய் நிலத்துள்ளே போனாயே.
விதைபோன இடமெல்லாம் வெறுமையில்லை என்பாரே;
அதைநம்பி நானின்னும் அடுத்தநடவு செய்வேனே.

அடிவரியையும் படித்தார். தந்தையின் முகத்தில் தம் கையாலேயே சேறு பூசியதுபோல் இருந்தது.

“கவிராயர் பாட்டுன்னுல்ல சொல்லிக்கிட்டிருந்தாங்க?” என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. எவரோ சிரித்தார்.

மூலையில் முக்காட்டோடு அமர்ந்திருந்த அல்லி தலை தூக்கினாள்.

“ஐயா, எம்பேர எடுத்துடுங்க.”

“உன் பாட்டுதானே அல்லி?”

“என்னுது இல்லீங்க. எங்கூட நட்ட செங்கமலத்தோடது. அவ புருசன் வாய்க்கா ஒடப்புல போனப்ப, நட்டுக்கிட்டே அழுது பாடுனது. அன்னிக்கே பெரியய்யாகிட்டச் சொன்னேன், காதுல வாங்கல. அவங்க பேருல வந்தப்ப கேக்க எனக்குத் தைரியமில்ல. எம்பேருல வந்தா நானும் திருடுனவதானுங்களே?”

“செங்கமலம் எங்கே இருக்கா?”

“போயி இருவது வருசமாச்சுங்க. அவளுக்குப் பதினாறும் இல்ல, தாளும் இல்ல. எங்க வூட்டுலயாச்சும் அவ பாட்டு கேக்கட்டும்னுதான் போடச் சொன்னேன்.”

சோமசேகரன் தூவலை எடுத்தார். வந்தோரெல்லாம் பார்த்திருக்க, முதல் தாளில் இரு பெயர்களையும் அடித்துவிட்டுச் ‘செங்கமலம் பாடியது’ என எழுதினார். இருநூறு தாளும் முடியும்வரை அவர் நிமிரவுமில்லை, எவரும் எழுந்து போகவுமில்லை.

ஊரார் என்ன சொல்வார்களோ என்னும் அச்சம் அன்றோடு ஓய்ந்தது. ஆனால் தந்தையின் ஏட்டில் இன்னும் அறுபத்தொரு பாக்கள் இருந்தன. அவற்றுள் பலவற்றின் அடியில் குறிப்பு ஏதுமில்லை. எவர் எவர் கண்ணீரைத் தம் குடும்பம் புகழாய் உடுத்தி நடந்ததோ என்னும் புதியதோர் அச்சம், வீடு திரும்பும் வழியெல்லாம் அவரோடு நடந்தது. அதனை விரட்ட அவர் முயலவில்லை. மானமுள்ள வீட்டில் அது குடியிருக்கத் தக்கதே.