ரெண்டு புள்ளி தீவு

1

உண்மையைச் சொல்லிடறேன், இது எனக்கா தோணின கதை இல்ல. எங்க தீவுக் கடையில குன்னெவியும் போர்யேயும் சண்டை போட்டுட்டிருந்தாங்க. "அன்னிக்கு நீ பண்ணது சரியா?"ன்னு இவன், "சரிதான் போடா"ன்னு அவ. நான் கருப்பு ரொட்டி பொறுக்கற மாதிரி நின்னு முழுக்கக் கேட்டுட்டேன். அப்புறம் வெக்கத்தை விட்டு, "எழுதிக்கவா?"ன்னு கேட்டேன்.

"எழுதிக்கோ. ஆனா என்னை அழ வச்சிடாத. நான் அழல"ன்னா குன்னெவி.

சரின்னு முதல்ல இப்படி ஆரம்பிச்சேன்: "பால்டிக் கடலிலே, பனி போர்த்திய சின்னஞ்சிறு தீவொன்றில்..." ச்சீ, காலண்டர் படம் மாதிரி இருக்கு. முப்பத்தோரு வருஷமா இங்க இருக்கேன், பனி எனக்கு எதையும் போர்த்தினதில்ல, வாசல்லேர்ந்து வாரித்தான் கொட்டியிருக்கேன். விட்டாச்சு.

ரெண்டாவது ஆரம்பம்: "குன்னெவி வீடியோ எடிட்டர்." இது பரவால்ல, நிக்கட்டும்.

2

காமிராக்காரங்க எடுத்துத் தள்ளறதை வெட்டி ஒட்டிப் படமாக்கறது அவ வேலை. சம்பளம் ஸ்டாக்ஹோம் டிவி கம்பெனிலேர்ந்து, உக்காந்து வேலை பாக்கறது எங்க தீவுல, அவ அப்பாவோட வலைக் கொட்டகையில. எல்லாப் படத்தையும் இன்டர்நெட் வழியா கிளவுட்ல ஏத்திடுவா. ஸ்டாக்ஹோம்ல கலர் பாக்கறவங்க, சவுண்டு பாக்கறவங்க எல்லாம் அங்கேர்ந்து எடுத்துப்பாங்க.

(போர்யே ஒருநாள் அண்ணாந்து பாத்து, "அந்த மேகமா?"ன்னு கேட்டான். "மண்ணாங்கட்டி. எவனோ ஒருத்தனோட பெரிய கொட்டகை அது. என் கொட்டகைலேர்ந்து அவன் கொட்டகைக்குப் போகுது, அவ்ளோதான்"ன்னா. இதைவிட நல்லா எனக்கு விளக்கத் தெரியாது.)

அந்த இன்டர்நெட் வந்த விதத்தைச் சொல்லாம தாண்ட மாட்டேன்.* 

அவளோட மேலதிகாரி ஹெலேனுக்குத் தீவுலேர்ந்து வேலை பாக்கறது பிடிக்கல. "குன்னெவி, இந்தப் படம் வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள சுத்தமா எனக்கு வரணும். வரலன்னா அடுத்த சீசனுக்கு நீ இங்க வந்து உக்காரு"ன்னுட்டா. அப்படின்னா கொட்டகையைப் பூட்டிட்டு ஸ்டாக்ஹோம்ல ஒரு புறாக்கூட்டுக்குக் குடி போகணும்.

* கேபிள் போடற கம்பெனி, "அறுபத்தெட்டு வீட்டுக்கு நாங்க பள்ளம் தோண்ட முடியாது"ன்னுட்டான். சரி போடான்னு நாங்களே தோண்டினோம். இங்க அதுக்குப் பேரு தால்கோ: ஊரே வந்து வேலை செய்யும், கூலி கிடையாது, மத்தியானம் மீன் சூப் உண்டு. பொக்லைன் ஓட்டினது போர்யே. ஒன்பது கிலோமீட்டரும் நேரா போன பள்ளம், அவன் வீட்டுகிட்ட மட்டும் வளையும். அவன் பொண்டாட்டியோட ரோஜாச் செடி. நானும் மண்வெட்டி பிடிச்சேன், எழுதி வச்சுக்கோங்க.

3

படத்தோட பேரு ö. ஒரே எழுத்து, தலையில ரெண்டு புள்ளி. இங்க பேசற ஸ்வீடிஷ்ல அந்த ஒத்தை எழுத்துக்கே தீவுன்னு அர்த்தம். ஒரு எழுத்துல தீவையே அடக்கி வச்ச ஜனங்க, கர்வம் இருக்காதா பின்ன? எங்க தீவைப் பத்தின படம். நானூத்திப் பன்னெண்டு துண்டு, ஒவ்வொண்ணுக்கும் குன்னெவி கையால பேரு வச்சா: ö 1, ö 2, ö 3...

புதன்கிழமை எல்லாம் ஏறிடுச்சு. வியாழக்கிழமை ரெண்டரை மணிக்கு ஹெலேன் போன் பண்றா.

"பாதிப் படம் சிவப்பா இருக்கு. ஃபைல் இல்லைங்குது."

"இருக்கே! ö 7, என் கண்ணு முன்னாடி."

"எனக்கும் கண்ணு இருக்கு, நானும் ö 7-ஐத்தான் பாக்கறேன். மிஷின் இல்லைங்குது குன்னெவி. நான் சொன்னேன்ல, தீவுலேர்ந்து இதெல்லாம்..."

"அந்த வாக்கியத்தை முடிக்காத"ன்னு போனை வச்சுட்டா.

4

இந்த இடத்துல நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். நான் கொட்டகைக்குப் போய், "குன்னெவி, அந்த எழுத்தைப் பாரு"ன்னு சொல்லி அவளைக் காப்பாத்தற மாதிரி. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பொய். அந்த நேரம் நான் வீட்டுல உருளைக்கிழங்கு உரிச்சிட்டிருந்தேன். பத்தியை அடிச்சுட்டேன்.

அவளேதான் கண்டுபிடிச்சா. சிவப்பா இருந்த ஒரு பேரை எடுத்து, எழுத்தை அழிக்கற பொத்தானை ஒரு தட்டு தட்டினா. புள்ளி ரெண்டு மட்டும் போச்சு, மொட்டையா o நின்னுச்சு. சரியா இருந்த இன்னொரு பேர்ல தட்டினா, எழுத்து முழுசா போச்சு.

புரிஞ்சுபோச்சு அவளுக்கு. அவளோட பழைய கம்ப்யூட்டர்ல பேரு வச்சதுல o தனி, புள்ளி தனி. புதுசுல வச்சதுல எல்லாம் ஒரே துண்டு. கண்ணுக்கு ஒண்ணுதான், மிஷினுக்கு வேற வேற. நம்ம 'கொ' சில கம்ப்யூட்டர்ல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு நிக்குமே, அந்தக் கூத்துதான்.

வேற ஊர்க்காரங்க யாராவது இப்படி மாட்டுவாங்களா? ஒரு எழுத்தைத் தீவுன்னு கூப்பிடறவங்களுக்குத்தான் இந்த வினை.

5

மணி மூணே கால். படத்தை மறுபடி ஏத்தணும்னா மூணு நாள். பேரை மட்டும் எல்லாத்துக்கும் சேத்து ஒரே அடியா மாத்தினா போதும், ஆனா ஒரு தடவை மாத்தத்தான் நேரம் இருக்கு.

ஹெலேன் போன்ல: "புள்ளியை எடுத்துத் தொலை. எல்லாத்தையும் வெறும் o ஆக்கு. எந்த மிஷினுக்கும் புரியும்."

போர்யே வாசல்ல, சேத்து பூட்ஸோட: "படம் இருக்கற பெட்டியை அப்படியே குடு, நான் படகுல கொண்டுபோறேன்."

"போய்ச் சேர நாளைக்காகும்டா."

"அப்ப புள்ளியை எடுக்கப் போறியா? என் பேரை எழுதறதும் அதே ö போட்டுத்தான், அந்தப் புள்ளியையும் எடுத்துடு! ஒன்பது கிலோமீட்டர் பள்ளம் எதுக்குத் தோண்டினேன், வெறும் சைபரை அனுப்பவா?"

"அது வெறும் ஃபைல் பேருடா. படத்துல ö அப்படியேதான் இருக்கும்."

"அப்புறம் ஏன் கையை பாக்கெட்டுக்குள்ளயே வச்சிருக்க?"

"குளிர்."

கொட்டகையில இருபத்தியொரு டிகிரி. ஹீட்டரை நான் பாத்திருக்கேன்.

எல்லாத்தையும் ஒரே துண்டு ö ஆக்கலாம். ஆனா பழைய கம்ப்யூட்டர் எங்கயாவது மறுபடி உடைச்சு வச்சா, நாலு மணிக்கு எல்லாமே சிவப்பு, ஸ்டாக்ஹோம், புறாக்கூடு. வெறும் o போட்டா பயமே இல்ல. ஆனா ஹெலேன் சொன்னதுதான் சரின்னு ஆயிடும்.

ஸ்வீடிஷ் கீபோர்டுல ரெண்டு எழுத்தும் வலது கைப்பக்கம்தான். o மேல் வரிசை. ö கீழ, சுண்டு விரல் தானா போய் விழற இடம். குன்னெவி கையை வச்சா. வச்சு

6

இங்கயே நிறுத்திடறேன்.

எனக்குத் தெரியாம இல்ல. ரெண்டு முடிவும் எழுதிப் பாத்தேன். o போட்ட முடிவுல அவ புத்திசாலி, போர்யே ஒரு வாரம் பேசல. ö போட்ட முடிவுல அவ பைத்தியக்காரி, கடையில எல்லாரும் அவளுக்குக் காபி வாங்கிக் குடுத்தாங்க. ரெண்டையும் அவகிட்ட படிச்சுக் காட்டினேன். "ரெண்டுலயும் நான் நாலு மணிக்குள்ள முடிச்சிருக்கேன்ல? அது போதும். பொத்தானை படிக்கறவங்களே அமுக்கட்டும்"னா, தன் கொட்டகையில, தன் நாற்காலியில உக்காந்துக்கிட்டு.

அதனால உங்க விரல், உங்க இஷ்டம்.

நான் எந்தப் பக்கம்னு கேட்டா தலைப்பைப் பாருங்க. இலக்கணப்படி 'புள்ளி'க்கும் 'தீவு'க்கும் நடுவுல ஒரு 'த்' வரணும்னு சண்டைக்கு வராதீங்க, எனக்கும் தெரியும். தலைப்புல இருக்கற புள்ளியை எண்ணுங்க: 'ண்'ல ஒண்ணு, 'ள்'ல ஒண்ணு. 'த்' போட்டா மூணாயிடும்.

எங்க தீவுக்கு ரெண்டுதான். கூடவும் கூடாது, குறையவும் விட மாட்டேன்.